அடிக்கடி அணைந்து போகிறதா உங்கள் வீட்டு கம்ப்யூட்டர்?



மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்று போனால், "மோட்டார் போச்சு" என்று நம்மில் யாரும் அடுத்த நிமிஷமே கடைக்குத் தூக்குவதில்லை. கரண்ட் இருக்கிறதா என்று பார்ப்போம். வேறு ப்ளக்கில் சொருகிப் பார்ப்போம். ஜாரில் தேங்காயை அள்ளிப் போட்டு விட்டோமா என்று யோசிப்போம். அப்புறம் மிக்ஸியைச் சாய்த்து, அடியில் இருக்கும் சிவப்பு பட்டனை அழுத்தி, கொஞ்ச நேரம் ஆறவிட்டு மறுபடி போடுவோம். பெரும்பாலும் ஓடிவிடும். இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

அதே வீட்டில் கம்ப்யூட்டர் அணைந்து போனால் மட்டும் நமக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. "அதுல எல்லாம் கை வைக்காதே, ஷாக் அடிக்கும்" என்று வீட்டில் ஒரு குரல். "வைரஸ் வந்திருக்கும் ஆன்ட்டி" என்று பக்கத்து வீட்டுப் பையன். "மதர்போர்டு போயிடுச்சு மேடம், மாத்திடலாம், அப்படியே ஃபார்மேட்டும் பண்ணிடலாம்" என்று கடைக்காரர். இந்த மூன்று பேரில் ஒருவராவது பெட்டியைத் திறந்து பார்த்தாரா என்றால், இல்லை!

கம்ப்யூட்டர் இப்போது பிள்ளைகள் விளையாடுவதற்கு வாங்கிப் போட்ட சாமான் இல்லை. எத்தனையோ பெண்கள் வீட்டிலிருந்தபடியே கடைக் கணக்கு எழுதுகிறார்கள், டியூஷன் எடுக்கிறார்கள், புத்தகத்துக்கு டைப் அடித்துக் கொடுக்கிறார்கள், எம்ப்ராய்டரி டிசைன் போடுகிறார்கள். பெட்டி நின்றால் அந்த மாத வருமானம் நிற்கிறது. அதோடு பத்து, பதினைந்து வருஷத்து போட்டோக்களும் அதற்குள்தான் இருக்கின்றன. "ஃபார்மேட்" என்ற ஒரு வார்த்தையில் அத்தனையும் போய்விடும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் இன்ஜினியர் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால், 1990-களின் கடைசியில், எங்கள் ஊர் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் ஆறு மாத ஹார்டுவேர் கோர்ஸ் படித்தேன். வகுப்பில் நாங்கள் இரண்டே பெண்கள். அப்போது படித்த சாமான்களில் பாதி இன்று காட்சிசாலையில் வைக்க வேண்டியவை. ஆனால் சொல்லிக்கொடுத்த சார் ஒன்றை மண்டையில் ஏற்றினார். "எதை மாத்தறதுன்னு கேட்காதே, எப்ப போகுதுன்னு கேளு" என்பார். இன்றுவரை எனக்குக் கைகொடுப்பது அந்த ஒரு கேள்விதான்.

ஆகவே முதல் வேலை, கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு பழைய நோட்டை வையுங்கள். பால் கணக்கு எழுதுகிற மாதிரிதான். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் மணி என்ன, போட்டு எவ்வளவு நேரம் ஆச்சு, என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள், எப்படிப் போச்சு என்று ஒரு வரி எழுதுங்கள். வீட்டில் அப்போது வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் எழுதுங்கள். கிரைண்டரா, போர் மோட்டாரா, ஃப்ரிட்ஜா? ஒரு வாரம் போதும். எழுத விட்டுப்போனாலும் பரவாயில்லை, கம்ப்யூட்டரே ஒரு டைரி வைத்திருக்கிறது. விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் ஒரு படம் வரும். நாள்வாரியாகக் கட்டம் கட்டி, எந்த நாளில் எத்தனை மணிக்கு விழுந்தது என்று சிவப்புப் பெருக்கல் குறி போட்டுக் காட்டும். பல வருஷமாக அந்த வசதி உள்ளேயே இருக்கிறது, யாரும் திறந்து பார்ப்பதில்லை.

"எப்படிப் போச்சு" என்பதில் நாலு வகை உண்டு. சத்தமில்லாமல் விளக்கை அணைத்த மாதிரி பட்டென்று அணைவது ஒன்று. தானாகவே அணைந்து தானாகவே திரும்ப வருவது ஒன்று. மௌஸ்கூட நகராமல் அப்படியே உறைந்து நிற்பது, நாம் 'ஹேங்' என்று சொல்வது, இன்னொன்று. நாலாவது, நீலத் திரையில் சோகமான முகம் போட்டு ஏதோ ஆங்கிலத்தில் எழுதிக் காட்டுவது. விண்டோஸ் 11-இல் 2025 முதல் இந்த நீலத்தைக் கறுப்பாக மாற்றிவிட்டார்கள், முகத்தையும் எடுத்துவிட்டார்கள், விஷயம் அதேதான். அந்தத் திரை வந்தால் பதறாமல் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். அடியில் 'ஸ்டாப் கோட்' என்று பெரிய எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். அது ஒவ்வொரு முறையும் ஒரே பெயராக, அதுவும் ஏதாவது அப்டேட் போட்ட மறுநாளிலிருந்து வந்தால், சாஃப்ட்வேர் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்று ஒன்று, நாளை ஒன்று, மறுநாள் வேறொன்று என்று மாறி மாறி வந்தால் சாமானில்தான் கோளாறு என்று சந்தேகப்பட வேண்டும். ராம், சூடு, கரண்ட் இந்த மூன்றில் ஒன்று.

இன்னும் உறுதியாகத் தெரிய ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. கம்ப்யூட்டரைப் போட்டதும் 'டெலிட்' அல்லது 'எஃப் 2' பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால், விண்டோஸ் வராமல் 'பயாஸ்' என்ற திரை வரும். அங்கே எதையும் மாற்ற வேண்டாம், அப்படியே விட்டுவிட்டு ஒரு மணி நேரம் உங்கள் வேலையைப் பாருங்கள். அந்தத் திரையிலேயே அணைந்து போனால் விண்டோஸுக்கும் வைரஸுக்கும் இதில் சம்பந்தமே இல்லை. ஏனென்றால் அவை இன்னும் உள்ளே வரவே இல்லை! ஃபார்மேட் செய்து ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது. (அணையாமல் நின்றால் ஹார்டுவேர் நல்லா இருக்கு என்று அர்த்தம் இல்லை, பாரம் ஏறும்போது மட்டும் விழுகிற பெட்டிகளும் உண்டு.)

என் நாத்தனார் கும்பகோணத்தில் இருக்கிறாள். மூன்று கடைகளுக்கு வீட்டிலிருந்தே டாலியில் கணக்கு எழுதிக் கொடுக்கிறாள். கணவர் தவறிப்போய் நாலு வருஷம் ஆகிறது. அந்த வருமானத்தில்தான் பையன் பாலிடெக்னிக் படிக்கிறான். போன கோடையில் அவள் கம்ப்யூட்டர் மத்தியானம் ஆனால் பட்டென்று அணைய ஆரம்பித்தது. கடையில் காட்டினாள். மதர்போர்டு, ஃபார்மேட் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் என்றார்களாம். மாதக் கடைசி, கணக்கு முடிக்க வேண்டிய நேரம். ராத்திரி எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணி, பணத்தைக்கூட எப்படியாவது புரட்டிடுவேன். உள்ளே இவர் போட்டோ, பேசின வீடியோ எல்லாம் இருக்கு. ஃபார்மேட் பண்ணினா போயிடுமாமே" என்றாள்.

"எப்பப்ப அணையுது?" என்று கேட்டேன்.

"காலைல ஆறு மணிக்கு உட்கார்ந்தா ஒன்றரை மணி நேரம்கூட ஓடுது. மத்தியானம் பத்து நிமிஷம்தான். உடனே போட்டா ரெண்டு நிமிஷத்துல திரும்ப அணையுது. அரை மணி விட்டுப் போட்டா மறுபடி பத்து நிமிஷம் வருது."

இதைவிடத் தெளிவாக ஒரு கம்ப்யூட்டர் வாய் திறந்து பேச முடியாது. ஆறியிருந்தால் ஓடுகிறது, சூடேறினால் நிற்கிறது. அடியில் சிவப்பு பட்டன் இல்லாத மிக்ஸி அவ்வளவுதான். உள்ளே இருக்கும் பிராசசர் என்ற சில்லு, சூடு ஏறினால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் தாங்காமல் கிட்டத்தட்ட 100 டிகிரியை நெருங்கிவிட்டால், எரிந்து போகாமல் இருக்கத் தானாகவே பெட்டியை அணைத்துவிடும். அது பழுது இல்லை, பாதுகாப்பு. கோளாறு, அந்தச் சூட்டை வெளியே தள்ள வேண்டிய இடத்தில் இருக்கிறது.

மறுநாள் காலையில் வாட்ஸ்அப் வீடியோவில் உட்கார்ந்தோம். பயாஸ் திரையில் 'ஹார்டுவேர் மானிட்டர்' என்று ஒரு பக்கம் இருக்கும், அதில் பிராசசர் சூடு டிகிரியில் தெரியும். அங்கே சும்மா நிற்கும்போது 45, 50 என்றால் கவலை இல்லை. அவளுடையது 70-இல் ஆரம்பித்து நாங்கள் பார்க்கப் பார்க்க 90-ஐத் தாண்டியது. அணைத்துவிட்டோம்.

பெட்டியைத் திறக்கலாம் என்றதும் அவள் மாமியார் பின்னாலிருந்து, "ஆம்பளைப் பசங்க யாராவது வரட்டுமே" என்றார். அந்த அம்மாளை நான் குறை சொல்ல மாட்டேன், அக்கறையில் சொல்வதுதான். ஆனால் இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லாமல் நகர மனமில்லை.

1946 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் 'எனியாக்' என்ற கம்ப்யூட்டரை உலகத்துக்குக் காட்டினார்கள். ஒரு பெரிய ஹாலை அடைத்துக்கொண்டு நின்ற அதற்குள் பழைய ரேடியோவில் இருப்பது போன்ற வால்வுகள் சுமார் 18,000. அதற்குக் கணக்குப் போடச் சொல்லிக் கொடுத்தவர்கள் ஆறு பெண்கள். கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃப்ரான் பிலாஸ், ரூத் லிக்டர்மேன். படித்துத் தெரிந்துகொள்ள கையேடு எதுவும் கிடையாது. வயரிங் படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு தாங்களாகவே கற்றார்கள். கணக்கு தப்பாக வந்தால் அது தங்கள் தப்பா, இயந்திரத்தின் தப்பா என்று பிரித்து, அத்தனை ஆயிரத்தில் எந்த வால்வு போயிருக்கிறது என்பதுவரை நெருங்கிச் சொல்லப் பழகியிருந்தார்கள். கம்ப்யூட்டர் கோளாறை மோப்பம் பிடிக்கிற வேலையை முதன்முதலில் செய்தவர்களில் அவர்கள் உண்டு. அன்றைக்கு நடந்த விருந்துக்கு மட்டும் அவர்களை யாரும் கூப்பிடவில்லை! பல வருஷம் கழித்துத்தான் உலகம் அவர்கள் பெயரைத் தேடிப் பிடித்தது.

மறு வருஷம், 1947 செப்டம்பர் 9 அன்று, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் 'மார்க் 2' கம்ப்யூட்டர் மக்கர் செய்தபோது, உள்ளே ஒரு ரிலேயில் விட்டில் பூச்சி சிக்கிச் செத்துக் கிடந்தது. அதை எடுத்து நோட்டிலேயே டேப் போட்டு ஒட்டி வைத்துவிட்டார்கள். அந்தக் குழுவில் இருந்த கிரேஸ் ஹாப்பர் அம்மையார் இந்தக் கதையைப் போகிற இடமெல்லாம் சொல்வார். நோட்டு இன்றும் பூச்சியோடு அமெரிக்க அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. நம் ஊர்ப் பெட்டிகளில் விட்டில் பூச்சிக்குப் பதில் எறும்பும் கரப்பானும் பல்லியும். எஸ்.எம்.பி.எஸ். என்கிற கரண்ட் பெட்டிக்குள் பல்லி விழுந்து, பெட்டியே வெடித்த மாதிரி சத்தம் வந்த வீடு எனக்குத் தெரியும்.

கும்பகோணத்துக்கு வருவோம். மெயின் சுவிட்சை அணைத்து, யு.பி.எஸ்.ஸையும் அணைத்து, பின்னாலிருக்கும் கரண்ட் வயரைப் பிடுங்கச் சொன்னேன். அதன்பிறகு பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் பெரும்பாலும் இறங்கிவிடும். பக்கவாட்டுத் தகட்டில் இரண்டே ஸ்க்ரூ. கழற்றியதும் பெட்டியின் இரும்புப் பாகத்தை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையை ஆரம்பிக்க வேண்டும், நம் உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் சில்லுகளுக்கு ஆகாது.

உள்ளே பார்த்தால் மெத்தை தைக்கலாம் போல் தூசி. பெட்டியை மேஜைக்கு அடியில், துணி திரை போட்ட தட்டில் வைத்திருந்தாள், பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று. காற்று எங்கிருந்து வரும்? பெயின்ட் அடிக்கிற காய்ந்த ப்ரஷ்ஷால் தூசியைத் தட்டினாள். ஃபேனை ஒரு பென்சிலால் சுற்றாமல் பிடித்துக்கொண்டுதான் தட்ட வேண்டும், ப்ளோயர் வைத்து ஊதினால் இது ரொம்ப முக்கியம். ஈரத்துணி கூடவே கூடாது.

தூசி போன பிறகுதான் அசல் குற்றவாளி தெரிந்தது. பையன் டார்ச் அடித்துக் காட்டினான். பிராசசர் மேல் உட்கார்ந்திருக்கும் ஃபேனுக்கு நாலு மூலையிலும் பிளாஸ்டிக் கால்கள் உண்டு, மதர்போர்டில் 'டிக்' என்று அமுங்கி நிற்கும். அதில் ஒரு கால் எழும்பி நின்றது. சித்திரையில் வீடு மாறியபோது குட்டி யானை வண்டியில் குலுங்கி வந்திருக்கிறது. ஒரு கால் எழும்பினால் ஃபேன் சாய்ந்துவிடும், அடியில் இருக்கும் உலோகக் கட்டி சில்லைச் சரியாகத் தொடாது. அடுப்பில் பாத்திரம் கோணலாக உட்கார்ந்த மாதிரி. ஃபேன் என்னமோ ஜோராகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், பார்ப்பவர்களுக்குச் சந்தேகமே வராது.

கழற்றிப் பார்த்ததில் நடுவில் இருக்க வேண்டிய பசை காய்ந்து மாவாக உதிர்ந்தது. இந்தத் 'தெர்மல் பேஸ்ட்' கம்ப்யூட்டர் சாமான் கடைகளில் சின்ன ட்யூபில் கிடைக்கும். பழையதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு நடுவில் வைத்து, ஃபேனைத் திரும்ப உட்கார்த்தி, எதிரெதிர் மூலையாக அமுக்கினால் முடிந்தது. அதிகம் பூசினால் நல்லது என்று அப்பக் கூடாது. சாயங்காலம் பயாஸில் 48 டிகிரி. செலவு, பசைக்குக் கொடுத்தது மட்டும்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பத்து நாள் கழித்து மறுபடி போன். "அண்ணி, இப்ப அணையல. நீலமா வருது." ஒரு நாள் 'மெமரி மேனேஜ்மெண்ட்', இன்னொரு நாள் வேறு பெயர், மூன்றாம் நாள் டாலி மட்டும் தானாக மூடிக்கொண்டது. மத்தியானம், காலை என்ற வித்தியாசம் இல்லை. ஆக, இது சூடு இல்லை. ஒரே பெட்டியில் இரண்டு கோளாறு இருக்கக் கூடாது என்று சட்டமா என்ன? முதல் கோளாறின் சத்தத்தில் இரண்டாவது கேட்காமல் இருந்திருக்கிறது.

இப்படி மாறி மாறி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது ராம். சீப்பு மாதிரி நீளமான அட்டை, இரண்டு பக்கமும் கொக்கி போட்டு நிற்கும். கரண்டைப் பிடுங்கிவிட்டு, கொக்கியைத் தள்ளினால் எழும்பி வரும். அடிப்பக்கம் தங்க நிறத்தில் பற்கள் போல் வரிசையாக இருக்கும். நம் ஊர் உப்புக் காற்றிலும் ஈரத்திலும் அதில் மங்கல் படியும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ரப்பர் துகள் இல்லாமல் துடைத்து, 'டக்' என்று சத்தம் வரும்வரை திரும்பச் சொருகினால் பாதி கேஸ்கள் சரியாகிவிடும் என்பார் எங்கள் சார். தங்கப் பற்களில் விரல் மட்டும் படக் கூடாது.

சரியாகவில்லை என்றால், விண்டோஸிலேயே ராமைச் சோதிக்கும் வசதி இருக்கிறது. ஸ்டார்ட்டில் 'மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடுங்கள். ரீஸ்டார்ட் ஆகி, ராமின் ஒவ்வொரு மூலையிலும் எழுதி எழுதிப் படித்துப் பார்க்கும். 'மெம்டெஸ்ட் 86' என்று இலவசமாகவே இன்னொன்று உண்டு. கிறிஸ் பிரேடி என்பவர் 1994-இல் எழுதியது, இன்னும் விடாமல் புதுப்பித்து வருகிறார்கள். அதை ராத்திரி படுக்கும்போது ஓடவிட்டுக் காலையில் பார்க்கலாம். ஒரே ஒரு தப்பு காட்டினாலும் ராமை நம்பக் கூடாது. கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கெட்ட ராம் கம்ப்யூட்டரை விழவைப்பதோடு நிற்காது, சேமிக்கிற எண்ணையே சத்தமில்லாமல் மாற்றி எழுதிவிடக்கூடும்.

நாத்தனார் பெட்டியில் நாலு ஜி.பி. அட்டைகள் இரண்டு. ஒன்றை எடுத்துவிட்டு ஓட்டினோம், அப்புறம் அதை வைத்து மற்றதை எடுத்துவிட்டு ஓட்டினோம். ஒன்றில் சிவப்பாகத் தப்பு வந்தது. அதே அட்டையை இடம் மாற்றிச் சொருகினோம், அப்போதும் வந்தது. அட்டைதான் கெட்டது, சொருகுகிற இடம் இல்லை என்று உறுதியாயிற்று. இடத்தோடு தப்பு ஒட்டிக்கொண்டிருந்தால் அப்போது மதர்போர்டைச் சந்தேகப்படலாம். மிச்சமிருந்த ஒற்றை அட்டையில் கொஞ்சம் மெதுவாக ஓடியது, ஆனால் விழவில்லை. அந்த மாதக் கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டாள். பழைய ராம் அட்டைக்குப் பல சமயம் ஆயுள் கியாரண்டி உண்டு என்பதால், புதிது வாங்கும் முன் அட்டையில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

போட்டோ விஷயத்தைக் கேட்பீர்கள். முதல் நாள் ராத்திரியே, திறப்பதற்கும் முன்னால், காலை ஆறு மணிக்கு ஓடும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். எந்தக் கோளாறாக இருந்தாலும் அதுதான் முதல் வேலை. ஹார்டு டிஸ்க்கிலேயே கோளாறு என்றால் இன்னும் அவசரம். அதன் அறிகுறி வேறு மாதிரி இருக்கும். ஃபைல் திறக்க யுகமாகும், நடுநடுவே உறைந்து நிற்கும், காதை வைத்துக் கேட்டால் 'டிக் டிக்' என்று பல்லி சொல்வதுபோல் சத்தம் வரும். 'க்ரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச சாஃப்ட்வேர் டிஸ்க்கின் ஆரோக்கியத்தை ஒரு வார்த்தையில் சொல்லும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் மூட்டை கட்டத் தயாராகுங்கள். 'டிக் டிக்' வந்துவிட்ட டிஸ்க்கை ரிப்பேர் செய்கிறேன் என்று எதையும் ஓட்டாதீர்கள். முதலில் காப்பி, மற்றதெல்லாம் பிறகு. எஸ்.எஸ்.டி. வகையில் சத்தமே வராது, ஒருநாள் காலையில் இல்லாமலே போய்விடும், அதனால் அதற்கும் காப்பி வேண்டும்.

இனி கரண்ட் சமாச்சாரம். நோட்டில் "கிரைண்டர் போட்டேன், ரீஸ்டார்ட் ஆச்சு", "மோட்டார் போட்டாங்க, ரீஸ்டார்ட்" என்று இரண்டு முறை வந்தால் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு வயரைப் பாருங்கள். வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். மோட்டார் கிளம்புகிற விநாடியில் அது தாழும். யு.பி.எஸ். அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அதற்குள் இருக்கும் பேட்டரி பொதுவாக இரண்டு, மூன்று வருஷம்தான் உழைக்கும். பச்சை விளக்கு எரிகிறதே என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், உள்ளே பேட்டரி எப்போதோ கண்ணை மூடியிருக்கும். சோதிக்க ஒரு டேபிள் லாம்ப் போதும். கம்ப்யூட்டரை எடுத்துவிட்டு லாம்பை யு.பி.எஸ்.ஸில் சொருகி, சுவரில் சுவிட்சை அணையுங்கள். லாம்ப் எரிந்துகொண்டே இருந்தால் பேட்டரியில் உயிர் இருக்கிறது. உடனே அணைந்தால் பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும், யு.பி.எஸ். புதிது வேண்டாம். பெட்டியின் ஸ்க்ரூவைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? எர்த் சரியில்லை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அதில் நம் கைவரிசை வேண்டாம்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியையும் நாம் திறக்கவே கூடாது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும். வீட்டில் உள்ளவர்கள் ஷாக் என்று பயப்படுவது நியாயமான ஒரே இடம் இதுதான். முதல் அழுத்தில் கிளம்பாமல் மூன்றாவது அழுத்தில் கிளம்புவது, கருகிய வாசனை, வீடியோ எடிட்டிங் மாதிரி பாரமான வேலையில் மட்டும் அணைவது, இவை வந்தால் கடைக்காரரிடம் வேறொரு எஸ்.எம்.பி.எஸ். போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

சில சமயம் கடைக்காரர் சொல்வதும் சரியாகவே இருக்கும். என் தோழி வீட்டுப் பழைய பெட்டியைத் திறந்தபோது, மதர்போர்டில் நிற்கும் சின்ன டப்பாக்கள் போன்ற கெப்பாசிட்டர்கள் நாலு, பூரி மாதிரி மேலே உப்பியிருந்தன. ஒன்றில் பழுப்பாகக் கசிவு. 1999-இலிருந்து 2007 வரை வந்த எத்தனையோ போர்டுகள் உலகம் முழுக்க இந்தக் கோளாறில் போயின, உள்ளே ஊற்றிய ரசாயனக் கலவை சரியில்லாததால். அதற்குத் தெர்மல் பேஸ்ட்டும் ரப்பரும் உதவாது. உப்பலைக் கண்ணால் பார்த்த பிறகு போர்டுக்குப் பணம் கொடுப்பதில் அவளுக்கு வருத்தமும் இல்லை.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வரி. மெத்தை மேலும் தலையணை மேலும் வைத்து ஓட்டாதீர்கள், காற்று போகும் வழி அடியில்தான் இருக்கிறது. மௌஸுக்குப் பதிலாக விரல் வைக்கும் சதுரம் மேலே எழும்பி நின்றால், அல்லது மூடி சரியாக மூடாவிட்டால், உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். அன்றே நிறுத்திவிடுங்கள். சார்ஜ் போடக் கூடாது, அமுக்கவும் கூடாது, தீப்பிடிக்கும்.

கடைக்குத் தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால், நோட்டையும் நீலத்திரை போட்டோவையும் கையோடு கொண்டுபோங்கள். "அடிக்கடி ஆஃப் ஆகுது" என்று சொல்வதற்கும், "பயாஸ்ல விட்டாலே இருபது நிமிஷத்துல அணையுது, சூடு 50 தான், ராம் சோதிச்சாச்சு" என்று சொல்வதற்கும் கடையில் கிடைக்கும் பதிலே வேறாக இருக்கும். சில கடைகளில் விண்டோஸ் டைரியைத் திறந்து 'கர்னல் பவர் 41' என்ற வரியைக் காட்டி, எஸ்.எம்.பி.எஸ். போச்சு என்பார்கள். முறைப்படி மூடாமல் அணைந்தது என்பதற்கு மேல் அந்த வரிக்கு அர்த்தம் கிடையாது, சுவிட்சை நாமே அணைத்தாலும் அதே வரிதான் வரும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பெண்கள் நமக்கு ரொம்ப முக்கியம். குடும்ப போட்டோ, பேங்க் விவரம் எல்லாம் உள்ள ஹார்டு டிஸ்க்கோடு பெட்டியை நாலு நாள் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். இரண்டு வயரும் நாலு ஸ்க்ரூவும்தான், கழற்றி பீரோவில் வைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் கொடுங்கள். ராம், போர்டு, எஸ்.எம்.பி.எஸ். எதைப் பார்ப்பதற்கும் உங்கள் டிஸ்க் தேவையில்லை, அவர்களிடம் சோதனைக்கென்று சொந்த டிஸ்க் இருக்கும். "டிஸ்க் எங்கே மேடம்?" என்று கேட்டால், "வீட்ல இருக்கு" என்று சொன்னால் போதும்.

– ஒரு வாசகி, தஞ்சாவூர்.